சேலம் விமான நிலையம்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ரயில், பஸ், விமானம் மூன்றுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் வேலை. காமலாபுரத்திலிருந்து மறுபடி விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு கவுண்டரிலும் போனிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே கீழே கொடுத்திருக்கிறேன். எந்த நாளில் எத்தனை மணிக்கு விமானம் என்பது மட்டும் இதில் இருக்காது. அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாறும். நடுவிலும் மாற்றுவார்கள். அதை டிக்கெட் போடும் நாளில்தான் பார்க்க வேண்டும்.

சேலம் ஏர்போர்ட் எங்கேங்க இருக்கு? டவுன்ல இருந்து எவ்ளோ தூரம்?

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில், தருமபுரி, பெங்களூர் போகும் நெடுஞ்சாலை வழியில் இருக்கிறது. சேலம் நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. புது பஸ் ஸ்டாண்டிலிருந்து காரில் 35 முதல் 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் கம்மிதான், ஆனால் ஐந்து ரோட்டைத் தாண்டி ஊரை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும்.

1993-ல் திறக்கப்பட்ட நிலையம் இது. மூன்றெழுத்துக் குறியீடு எஸ்எக்ஸ்வி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

சென்னைக்கு ஃப்ளைட்ல போனா எத்தனை கிலோமீட்டர்?

காமலாபுரத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 265 கி.மீ. ரயிலில் சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னை சென்ட்ரல் 334 கி.மீ. சாலையில் 340 கி.மீ. பக்கம் வந்துவிடும். ரயில் ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று வடக்கே வளைந்து போகிறது. கார் உளுந்தூர்பேட்டை வழியாகத் தெற்கே வளைந்து போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் விமானத்தின் கோடு.

மற்ற ஊர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூர் தேவனஹள்ளிக்கு 161, கொச்சி நெடும்பாசேரிக்கு 256, ஹைதராபாத் ஷம்ஷாபாத்துக்கு 604. எல்லாம் நிலையத்துக்கு நிலையம், நேர்கோட்டில், கிலோமீட்டரில். ஒன்றிரண்டு கி.மீ. முன்னே பின்னே இருக்கலாம்.

சிலர் 40 நிமிஷம்ங்கறாங்க. டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கு. எதை நம்பறது?

இரண்டுமே உண்மைதான். அவை அளப்பது வேறு வேறு. டிக்கெட்டில் இருக்கும் நேரம், விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற வரைக்கும். இதில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, சென்னையில் இறங்கிய பிறகு நிறுத்துமிடம் வரை மறுபடி ஊர்ந்து வருவது எல்லாம் சேர்த்தி. 40, 45 நிமிடம் என்று சொல்பவர்கள் சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரை தொடும் வரை மட்டும் கணக்கிடுகிறார்கள்.

யாரையாவது கூட்டிப்போக வருகிறவர்களுக்கும், அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கும் டிக்கெட் நேரம்தான் கணக்கு. அதில் கம்பெனிகள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் சேர்த்து வைத்திருப்பார்கள். அதனால்தான் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

விமானம் 800, 900 வேகத்துல போகும்னு படிச்சிருக்கேன். 265 கிலோமீட்டருக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?

நீங்கள் படித்தது ஜெட் விமானத்தின் வேகம். சேலத்துக்கு வந்துபோவது ஏ.டி.ஆர்.-72 என்ற, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். கம்பெனியைப் பொறுத்து 70 முதல் 78 இருக்கை இருக்கும். இதன் அதிகபட்சப் பயண வேகமே மணிக்கு 510 கி.மீ. அளவுதான்.

அந்த வேகத்திலும் வழி முழுக்கப் போகாது. உயரம் எடுக்கும்போது மெதுவாகப் போகும், இறங்கும்போது இன்னும் மெதுவாக. ஏறுவதற்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, இறங்குவதற்குக் கால் மணி நேரம் என்று வைத்தால், சென்னைப் பயணத்தில் முழு வேகத்தில் பறப்பது நடுவில் இருக்கும் கால் மணி நேரம் மட்டுமே. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்துவிடும்.

எனவே நான் வைத்திருக்கும் கணக்கு இது: 100 கி.மீ.க்கு 12 நிமிடம், அதோடு மொத்தமாக 30 நிமிடம். சென்னைக்கு 32-உம் 30-உம் சேர்த்து 62 நிமிடம். பெங்களூருக்கு 49, கொச்சிக்கு 61, ஹைதராபாத்துக்கு 102. டிக்கெட்டில் இருப்பது இதற்கு ஐந்து பத்து நிமிடம் மேலே இருக்கும். இது ஏ.டி.ஆர். விமானத்துக்கான கணக்கு. சென்னை டெல்லி போன்ற ஜெட் பயணத்துக்குப் போட்டுப் பார்க்காதீர்கள், தப்பாக வரும்.

அப்போ பெரிய ஜெட்டையே விடலாமே?

ஓடுதளம் போதாது. சேலத்தின் ஓடுதளம் 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏ.டி.ஆர். முழு எடையோடு கிளம்பவே சுமார் 1,300 மீட்டர் போதும் என்பதால் தாராளம். ஏ320 வகை ஜெட் முழு எடையில் கிளம்ப 2,000 மீட்டருக்கு மேல் கேட்கும். நம் ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் தேவை இன்னும் கூடும். நீட்டுவதற்கு நிலம் எடுக்கும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி பக்கத்து விவசாயிகள் எதிர்ப்பதும் அதே அளவு பழையது. நிலம் அவர்களுடையது, எனவே பதிலும் அவர்களிடம்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஜெட் விட்டாலும் சென்னைக்குப் பெரிதாக நேரம் மிச்சமாகாது. ஏறி, நிமிர்ந்து, இறங்கும் கட்டத்துக்கே 265 கி.மீ. சரியாகப் போய்விடும். ஐந்து பத்து நிமிடம் குறையலாம், அவ்வளவுதான்.

நெட்ல ஒரு இடத்துல 20 நிமிஷம்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 50. ரெண்டும் எப்படி?

தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்தால் 20 வரும்: 265-ஐ 800-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறவும் இறங்கவும் பொதுவாக அரை மணி நேரம் சேர்ப்பது பல கணக்குக் கருவிகளின் வழக்கம், அதனால் இன்னொன்றில் 50. அந்த ஊருக்கு எந்த விமானம் பறக்கிறது, நேரடி விமானம் இருக்கிறதா என்றெல்லாம் அந்தக் கருவிகள் பார்ப்பதில்லை. சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் ‘விமான நேரம்’ கேட்டாலும் கூசாமல் ஒரு எண்ணைக் கொடுக்கும்.

மைல் கணக்குல 143-னு ஒருத்தர் சொல்றார், 165-னு இன்னொருத்தர் சொல்றார். எது சரிங்க?

இரண்டும் அதே 265 கி.மீ.தான். விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்துவது கடல் மைல், அது 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ. 143 கடல் மைல், 165 சாலை மைல்.

தூரத்தை நாமளே கணக்குப் போட முடியுமா? பையன் ஸ்கூல் ப்ராஜெக்டுக்குக் கேக்கறான்.

தாராளமாக. ஒரு டிகிரி அட்சரேகை ஏறக்குறைய 110.6 கி.மீ. (நம் பக்கத்தில்). ஒரு டிகிரி தீர்க்கரேகை நிலநடுக்கோட்டில் 111.3 கி.மீ., வடக்கே போகப் போகக் குறையும். சேலத்துக்கும் சென்னைக்கும் நடுவில் அது 108.7 கி.மீ. சேலம் நிலையம் வடக்கு 11.78, கிழக்கு 78.07. சென்னை நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.17.

வடக்கு தெற்கு வித்தியாசம் 1.21 டிகிரி, அதாவது சுமார் 134 கி.மீ. கிழக்கு மேற்கு 2.10 டிகிரி, சுமார் 228 கி.மீ. இந்த இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்து பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் கர்ணம் 265 பக்கம் வந்துவிடும். பூமி உருண்டையாயிற்றே என்று ஆசிரியர் கேட்டால், இவ்வளவு குறைந்த தூரத்தில் அதனால் வரும் பிழை மிகச் சிறியது என்று சொல்லச் சொல்லுங்கள். சேலத்திலிருந்து லண்டனுக்கு இந்த முறை உதவாது.

சென்னை டு சேலம் 13,000 கிலோமீட்டர்னு காட்டுதுங்க! போன் கெட்டுப்போச்சா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துத் தலைநகரின் பெயரும் சேலம்தான். அங்கேயும் விமான நிலையம் உண்டு, குறியீடு எஸ்எல்இ. சென்னையிலிருந்து அது 13,000 கி.மீ.க்கு மேல். வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் என்று இன்னொரு ஊரும் இருக்கிறது. தூரம் பார்க்கும்போதும், வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போடும்போதும் ஊர் பெயரைத் தட்டாமல் எஸ்எக்ஸ்வி என்று தட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொன்னால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஃப்ளைட் நேர்கோட்டுலயேதான் போகுமா?

பெரும்பாலும் அதை ஒட்டியே போகும். ஆனால் இரண்டு முனைகளிலும் கோணல் உண்டு. சேலம் ஓடுதளம் வடகிழக்கு, தென்மேற்காகப் போடப்பட்டது. காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்பதால், தென்மேற்காகக் கிளம்பினால் சென்னைக்கு முதுகைக் காட்டித்தான் பயணமே தொடங்கும்.

சென்னைப் பக்கம் கதை இன்னும் பெரிது. அங்கே முக்கிய ஓடுதளம் ஏறத்தாழ கிழக்கு மேற்காக இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் மேற்கிலிருந்து வந்து கிழக்கே பார்த்து இறங்கும், நமக்கு நேர் வழி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கடல் பக்கமிருந்து வந்து மேற்கே பார்த்து இறங்க வேண்டும். அப்போது சேலத்து விமானம் ஊரைத் தாண்டிப் போய், கடல்மேல் ஒரு திருப்பம் போட்டுத் திரும்பி வரும். இதில் ஏழெட்டு நிமிடம் போய்விடும். கூடவே முன்னால் நாலைந்து விமானம் வரிசையில் இருந்தால் இன்னும் ஒரு சுற்று. ‘வந்தாச்சு, கீழே வீடெல்லாம் தெரியுது, ஏன் இறங்கலே’ என்று பதறுபவர்களுக்கு இதுதான் விளக்கம்.

போறப்ப ஒரு நேரம், வர்றப்ப ஒரு நேரம் ஆகுதே. காத்துதான் காரணமா?

காற்றும் ஒரு காரணம், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. மணிக்கு 30 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். 480-ல் போகும் விமானம் பின்காற்றில் 510, எதிர்காற்றில் 450. 265 கி.மீ.க்கு முதலாவதில் 31 நிமிடம், இரண்டாவதில் 35. வித்தியாசம் 4 நிமிடம்தான். மணிக்கணக்கில் பறக்கும் வெளிநாட்டுப் பயணத்தில்தான் காற்று பெரிய விஷயம்.

சென்னைக்குப் போகும்போது கூடுதலாகப் பிடிப்பது முன் பதிலில் சொன்ன வரிசையும் திருப்பமும். சேலத்துக்கு வரும்போது வானத்தில் வரிசை கிடையாது. வந்தோம், இறங்கினோம், ஐந்து நிமிடத்தில் பெட்டி கைக்கு வந்துவிடும்.

வீட்டு வாசல்ல இருந்து பார்த்தா வந்தே பாரத் சீக்கிரமா, ஃப்ளைட்டா? நேராச் சொல்லுங்க.

நேராகச் சொல்வதென்றால், சென்னையில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அஸ்தம்பட்டியில் வீடு என்று வையுங்கள். காமலாபுரத்துக்கு முக்கால் மணி நேரம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றேகால் மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். விமானம் ஒரு மணி ஐந்து நிமிடம். சென்னையில் இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. ஆக மீனம்பாக்கம் வாசலுக்கு வரவே 3 மணி 35 நிமிடம்.

2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை கோவை வந்தே பாரத், சேலத்திலிருந்து சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. ஜங்ஷனுக்கு அஸ்தம்பட்டியிலிருந்து அரை மணி முன்னால் கிளம்பினால் போதும். பாரிமுனை, எழும்பூர், ராஜீவ் காந்தி மருத்துவமனை போக வேண்டியவர்களுக்கு ரயில்தான். மருத்துவமனை சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது. விமானத்தில் போனால் மீனம்பாக்கத்திலிருந்து மெட்ரோ பிடித்து அதே சென்ட்ரலுக்கு வர வேண்டியிருக்கும். தாம்பரம், கிண்டி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வேலை என்றால் விமானம் முக்கால் மணி, ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தும்.

ஒரே ஒருவருக்கு நான் தயங்காமல் விமானம் சொல்வேன்: சென்னையிலிருந்து அடுத்த விமானம் ஏறப் போகிறவர். அவருக்கு மீனம்பாக்கம்தான் போக வேண்டிய இடம். இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் பெட்டியும் நேராகப் போய்விடும்.

பெங்களூருக்கு அரை மணி நேரத்துல போயிடலாம்னு சொல்றாங்களே?

வானத்தில் 35 நிமிடம் என்பது உண்மை. ஆனால் நிலையம் இருக்கும் தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே 35 கி.மீ.க்கு மேல் தள்ளி. சேலத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கும் எலெக்ட்ரானிக் சிட்டியோ நகரத்துக்குத் தெற்கே, ஓசூர் சாலையில். அதாவது போக வேண்டிய இடத்தைத் தாண்டி மேலே பறந்துபோய், இறங்கி, நகரம் முழுவதையும் டாக்ஸியில் கடந்து திரும்பி வர வேண்டும். அந்தப் போக்குவரத்தில் ஒன்றரை மணியோ இரண்டு மணியோ ஆகலாம்.

தொப்பூர் கணவாயில் லாரி எதுவும் கவிழ்ந்து கிடக்காத நாளில், காரில் மூன்றரை மணி நேரத்தில் சேலத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி. எலஹங்கா, ஹெப்பால் பக்கம் போகிறவர்களும், தேவனஹள்ளியில் வேறு விமானம் மாறுகிறவர்களும் மட்டும் விமானத்தை யோசிக்கலாம்.

ஹைதராபாத்துக்கும் கொச்சிக்கும்?

இந்த நான்கு ஊர்களில் நேரம் நிஜமாகவே மிச்சமாவது ஹைதராபாத்துக்குத்தான். சாலையில் பெங்களூர், அனந்தபூர், கர்னூல் வழியாக 750 கி.மீ. சுற்று வட்டத்தில் வரும், ஒரு முழுப் பகலோ முழு இரவோ காலி. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள். தூரம் கூடக் கூட, போக வர ஆகும் அந்த முன்பின் நேரத்தின் பங்கு குறைந்துகொண்டே போகும்.

கொச்சிக்குச் சாலையில் 320 கி.மீ.க்கு மேல், வழியில் கோயம்புத்தூரும் பாலக்காடும். நெடும்பாசேரியிலிருந்து வளைகுடா போகிறவர்களுக்கு உதவும். எர்ணாகுளம் ஊருக்குள் வேலை என்றால் இரவு ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டு போவதுதான் சுகம்.

கோயம்புத்தூர், திருச்சிக்கு சேலத்துல இருந்து ஃப்ளைட் கிடையாதா?

கிடையாது. நேர்கோட்டில் கோவை 139, திருச்சி 133 கி.மீ. மேலே சொன்ன கணக்குப்படி விமானத்துக்குள் முக்கால் மணி, அதற்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி. அதற்குள் காரில், பீளமேட்டில் இருக்கும் கோவை நிலையத்துக்கே போய்விடலாம். சிங்கப்பூர் போகிறவர்கள் இரண்டு நிலையங்களையும் பார்க்கலாம். கோலாலம்பூருக்கு நேரடி விமானம் வேண்டுமென்றால் நாமக்கல் வழியாகத் திருச்சி போவது வழக்கம்.

நாங்க ஏற்காட்டுல தங்கியிருக்கோம். மேப்ல ஏர்போர்ட் பக்கத்துலயே தெரியுது. எப்போ கிளம்பினா போதும்?

பக்கத்தில் இருப்பது பறவைகளுக்கு மட்டும். ஏற்காடு ஊர், நிலையத்துக்கு நேர் கிழக்கே சுமார் 16 கி.மீ.தான். ஆனால் நிலையம் 307 மீட்டர் உயரத்தில், ஏற்காடு 1,500 மீட்டர் சுமாரில். இடையில் சேர்வராயன் மலையின் சரிவு. சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி வந்து, அங்கிருந்து ஓமலூர் சாலை பிடிக்க வேண்டும். மொத்தம் 50 கி.மீ. பக்கம்.

சாதாரண நாளில் பயணத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வையுங்கள். சனி, ஞாயிறு, மே மாதக் கோடை விழா என்றால் மூன்று. கூட்ட நாட்களில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. அது அயோத்தியாப்பட்டினம் பக்கம் கொண்டுபோய் விடும், நிலையம் இருப்பதோ ஊரின் மறு கோடியில். கிளம்பும் முன் விடுதிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மலை மேல் பனிமூட்டம் என்பதால் விமானமும் தாமதமாகும் என்று நம்பி மெதுவாக இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே கை தெரியாத மூட்டம் இருக்கும்போது கீழே காமலாபுரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

எந்தப் பக்கம் ஜன்னல் சீட் எடுத்தா மலை தெரியும்?

சென்னைக்குப் போகும்போது வலது பக்கம். முதலில் சேர்வராயன் மலை, அதன் உச்சி 1,623 மீட்டர். பிறகு சித்தேரி, கல்வராயன் மலைகள். வானம் தெளிவாக இருந்தால் சாத்தனூர் அணைக்குப் பிறகு திருவண்ணாமலை. இடது பக்கம் உட்கார்ந்தால் ஜவ்வாது மலை. பெங்களூருக்குப் போகும்போது இடது பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கமும் அதற்கு மேலே ஒகேனக்கல் பக்கத்துக் காவிரியும், வலது பக்கம் தருமபுரி. திரும்பி வரும்போது எல்லாம் இடம் மாறும். இந்த விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் எந்த வரிசையிலும் கீழே பார்க்க மறைக்காது. இன்ஜின் அருகில் இருக்கும் இருக்கைகளை மட்டும் தவிருங்கள்.

மலைப் பக்கம்னா ரொம்ப ஆடுமா? அம்மாவுக்கு முதல் தடவை.

கொஞ்சம் ஆடும். ஏ.டி.ஆர். எட்டக்கூடிய உயரமே 25,000 அடி. இவ்வளவு குறைந்த தூரத்துக்கு அதற்கும் கீழேதான் பறக்கும், ஜெட் மேகத்துக்கு மேலே போய்விடும் இடத்தில் இது மேகத்துக்குள்ளேயே போக நேரும். ஏப்ரல், மே மாத மதியங்களில் தரையின் சூடு மேலே எழும்பி அலைக்கழிக்கும். அம்மாவுக்குக் காலை விமானம் இருந்தால் அதையே போடுங்கள், நடுவரிசை இருக்கையாக.

முன்னாடியும் ஓட்டினாங்க, நிறுத்தினாங்க. இதுவும் நின்னுடுமா?

பயம் நியாயமானது. 1990களில் என்.இ.பி.சி. என்ற விமானக் கம்பெனி வந்தது, போனது. 2009-ல் கிங்ஃபிஷர் சென்னைக்கு விமானம் விட்டது, சில ஆண்டிலேயே அதுவும் நின்றது. 2018 மார்ச் 25-ல் உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் தொடங்கியது, கொரோனா காலத்தில் தடுமாறி நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன.

உடான் என்பது சிறு ஊர்களுக்கு விமானம் விட்டால் குறிப்பிட்ட இருக்கைகளுக்குக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தி, நஷ்டத்தை ஈடுகட்ட அரசு மூன்று ஆண்டு வரை பணம் தரும் திட்டம். அந்த மூன்று ஆண்டு முடியும்போதுதான் எந்த வழித்தடத்துக்கும் சோதனை. என் கணிப்பைக் கேட்டால், ஹைதராபாத் தடம் சொந்தக் காலில் நிற்கும். பெங்களூர் தடம் அடுத்த விமானம் மாறுகிறவர்களை நம்பித்தான் இருக்கிறது. திருமணத்துக்கு ஆறு மாதம் முன்பே டிக்கெட் போடுகிறவர்கள், ரயிலிலும் ஒரு இடம் போட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

கடைசி நேரத்துல கேன்சல் பண்ணிட்டாங்க. 5,000 வரும்னு ஒருத்தர், 7,500 வரும்னு ஒருத்தர். எதுங்க சரி?

மூன்றாவது பதிலில் சொன்ன டிக்கெட் நேரம் பணமாக மாறும் இடம் இது. 2016-ல் திருத்தப்பட்ட டி.ஜி.சி.ஏ. (விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) விதிப்படி, முறையாக முன்கூட்டியே சொல்லாமல், கம்பெனி தன் காரணத்துக்காக ரத்து செய்தால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் தர வேண்டும். நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரையான நேரம் ஒரு மணி வரை என்றால் உச்சவரம்பு 5,000 ரூபாய். ஒரு மணிக்கு மேல் இரண்டு மணி வரை 7,500. அதற்கு மேல் 10,000. எனவே அட்டவணையில் 55 நிமிடம் என்று இருந்தால் ஒரு தொகை, 65 நிமிடம் என்றால் வேறு.

ஆனால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்று: இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 2,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 7,500 வராது. மழை, புயல் போன்ற காரணத்தால் ரத்தானால் இழப்பீடு இல்லை, டிக்கெட் பணம் மட்டும் திரும்பும். ரத்தாகாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், இந்த மாதிரிக் குறுகிய பயணத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் வேறு விமானமோ முழுப் பணமோ உங்கள் விருப்பம்.

டிக்கெட்டில் தொடர்பு எண் சரியாக இல்லாதவர்களுக்கு இழப்பீடு கிடையாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஏஜென்ட் மூலம் போடும்போது பல இடங்களில் கடையின் எண்ணையே கொடுத்துவிடுவார்கள், ரத்துச் செய்தி கடைக்கு வந்து அங்கேயே கிடக்கும். என்னிடம் போட்டாலும் சரி, வேறு யாரிடம் போட்டாலும் சரி, பயணம் செய்பவரின் சொந்த எண் போட்டிருக்கிறதா என்று டிக்கெட்டைக் கையில் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.